ரோமில் ஓட்டை எண்ணிய நாள்

காலை எட்டரை. மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கொலோசியம். படத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டதால் முதல் பார்வையில் மனசு ஒன்றும் துள்ளவில்லை. கிட்டே போனதும்தான் அந்தத் தழும்புகள் கண்ணில் பட்டன. கல்லும் கல்லும் சேரும் இடமெல்லாம் கை நுழைகிற ஓட்டை.

"ஏனுங்க, குண்டு கிண்டு பட்டதுங்களா?" என்றாள் மனைவி.

குண்டு இல்லை, திருட்டு. இந்தக் கற்களைச் சாந்து வைத்துக் கட்டவில்லை. இரும்புக் கவ்வி போட்டு, ஈயம் ஊற்றி இறுக்கினார்கள். மொத்தம் 300 டன் இரும்பு இருக்கும் என்பது கணக்கு. பேரரசு நொடித்துப்போன பிறகு யார் யாரோ வந்து, கல்லைக் குடைந்து, அத்தனையையும் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் எனக்குத் திருடனைவிடக் கட்டடத்தின் மேல்தான் கவனம் போனது. இணைப்பை எல்லாம் உருவிய பிறகும் தன் எடையாலேயே நிற்கிறது. தெற்குப் பக்கத்து வெளிச்சுவர் மட்டும் 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது. சரிந்த கல்லும் வீணாகவில்லை, அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் போய்விட்டது.

*

வளைவுகளின் தலையில் வாசல் எண்கள் இன்னும் இருக்கின்றன. திறந்த புதிதில், கி.பி. 80இல், வேடிக்கை பார்க்க வந்தவன் கையில் இருந்த வில்லையில் எந்த எண்ணோ, அந்த வாசல், அந்தப் படி, அந்த வரிசை. எங்கள் கையில் இருந்த சீட்டுத்தான் வாசலில் யாருக்கும் புரியவில்லை. இடைத்தரகர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கியது. அடித்தளம் பார்க்க அனுமதி கிடையாது என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. சிங்கம் அடைத்த கூண்டுகளை மேலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.

1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேயர் இந்த இடிபாட்டில் முளைத்த செடிகளை மட்டும் எண்ணி ஒரு புத்தகமே போட்டார். 420 வகை! பிறகு தொல்லியல்காரர்கள் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். சுவரில் ஆலங்கன்று கண்டால் பிடுங்கச் சொல்லி நானே எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன். இருந்தாலும் 420 என்றதும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

*

தண்ணீர் பாட்டில் காலி. தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புக் குழாய்த்தூண். மூக்கு மாதிரி வளைந்த குழாயில் நிற்காமல் தண்ணீர் கொட்டுகிறது. நசோனே, அதாவது பெரிய மூக்கன் என்று பெயர். 1870களில் வைக்க ஆரம்பித்தது, இன்று ஊரெங்கும் உண்டு. குனிந்து குடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு போன ஒரு பாட்டி நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்கின் நுனியை ஒரு விரலால் அடைத்தார். மூக்கின் மேலே இருந்த சின்ன ஓட்டை வழியே தண்ணீர் வில்லாக வளைந்து என் முகத்துக்கு நேரே வந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

ஃபோரம், பழைய ரோமின் பொதுச் சதுக்கம். வெயிலில் நடந்தால் எல்லாத் தூணும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கிற இடம். இரண்டை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஒன்று, அந்தோனினஸ் - ஃபாஸ்தினா கோயில். கி.பி. 141இல் மன்னன் தன் மனைவிக்குக் கட்டியது. பின்னாளில் உள்ளேயே தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். அதன் பச்சைக் கதவு, படிகளுக்கு மேலே பல அடி உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. திறந்து காலை வைத்தால் கீழேதான் விழ வேண்டும். கதவு வைத்த காலத்தில் தரையே அவ்வளவு உயரத்தில்தான் இருந்தது. ஆயிரம் வருஷத்து மண்ணும் குப்பையும் மேடாகி, அதன்மேல் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. இந்த இடத்துக்கே மாட்டு மேய்ச்சல்வெளி என்கிற அர்த்தத்தில்தான் அப்போது பெயர், காம்போ வச்சினோ. தோண்டியவர்கள் தரையை இறக்கிவிட்டார்கள், கதவை இறக்க முடியவில்லை.

இன்னொன்று, மாக்சென்டியஸ் மண்டபம். பிரமாண்டமான மூன்று வளைவுகளை எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கு அடியில். பேரரசன் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு அங்கேதான் இருந்தது. பெயரே மிளகுக் கிடங்கு. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மூட்டை செங்கடல் தாண்டி, நைல் வழியே அலெக்சாந்திரியா வந்து, இங்கே இறங்கியிருக்கிறது. இந்தியச் சரக்கால் பணம் கரைகிறதே என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பினார், ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் என்று கணக்கும் சொன்னார். கரைந்த பணத்தில் கொஞ்சம் எங்கள் ஊர் கரூரில், அமராவதி ஆற்று மணலில் கிடைத்திருக்கிறது. கரூர்தான் சேரர் தலைநகர் வஞ்சி என்று நாங்கள் சொல்வோம். கொடுங்கல்லூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது கிடக்கட்டும்.

கி.பி. 408இல் கோத் தலைவன் அலாரிக் இந்த நகரத்தை முற்றுகையிட்டு, விட்டுப் போவதற்குக் கேட்ட விலையில் தங்கம், வெள்ளி, பட்டு இவற்றோடு மூவாயிரம் ராத்தல் மிளகும் இருந்தது. இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து கொள்ளையும் அடித்தான்.

*

மதியச் சாப்பாடு காச்சோ எ பெப்பே என்கிற பாஸ்தா. ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். மிளகைப் பொடியாக்காமல் ஒன்றிரண்டாக நொறுக்கியிருந்தார்கள். பல்லில் கடிபட்டதும் மனைவி நிமிர்ந்தாள்.

"நம்மூருச் சரக்குங்க" என்றாள், கிடங்குக் கணக்குப் பிள்ளை போல.

*

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பழைய ரோமக் கோயிலான பாந்தியனுக்குள் ஒதுங்கினோம். குவிமாடத்தின் உச்சியில் எட்டு மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் ஒரு வட்ட ஓட்டை, மூடி கிடையாது. அது வழியே மழை தூணாக இறங்குகிறது. உள்ளே காற்று மேலெழும்புவதால் மழை விழவே விழாது என்று ஒரு வழிகாட்டி, ஈரத் தரையில் நின்றுகொண்டே தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பி இல்லாத கான்கிரீட். 43.3 மீட்டர் விட்டம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. பேரரசன் ஹாட்ரியன் காலம். அடியில் ஆறு மீட்டர் தடிமன், உச்சியில் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. ஜல்லியையும் மேலே போகப்போக மாற்றியிருக்கிறார்கள், கடைசியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். கனமாக இருக்க வேண்டிய உச்சியில் கனமே இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. அதன் விளிம்பு கிணற்று உறை மாதிரி, நாலு பக்கமிருந்தும் நெருக்க நெருக்க இறுகும். இதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா வீட்டுத் தொட்டிக்கட்டு மாதிரியே இருக்குதுங்க. தண்ணி எங்கே போவுது?"

தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். பளிங்குத் தரை கண்ணுக்குத் தெரியாத அளவு வாட்டம் கொடுத்துப் போட்டது. நடுவில் சின்னச் சின்னத் துளைகள். 22 என்று படித்திருந்தேன். கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள், ஓரமாக நின்று இரண்டு பேரும் எண்ணினோம். அவளுக்குப் பத்தொன்பது வந்தது, எனக்கு இருபத்தொன்று. மறுபக்கம் போய் மறுபடியும் எண்ணலாம் என்றாள்.