நிற்கத் தெரியாத குதிரை

எமது தமக்கையாரின் மகன் பெந்தோட்டை ஆற்றங்கரையிலே தொழில் செய்கிறான். பயணிகளை ஏற்றி நீரின்மேல் விரையும் ஜெட் ஸ்கி ஒன்றே அவனுடைய மூலதனம். பிறர் பாவித்து விற்ற பழைய வண்டி. பெற்றோலுடன் எண்ணெயும் சேர்த்தெரிக்கும் இனம். 2020 மார்ச்சிலே கொரோனாவினால் பயணிகள் வரவு நின்றபோது அதனைப் படங்கினால் மூடிவைத்தான். 2021 நவம்பரில் பருவம் தொடங்கியதும் வெளியே எடுத்தான். நாமும் அவ்வேளை விருந்தாளியாய் அங்கே போயிருந்தோம்.

வண்டிக்கு ஒரு விசித்திர நோய் கண்டிருந்தது. முழு வேகத்தில் அம்பாய்ப் பாயும். வேகத்தைத் தணித்தாலோ இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகும்.

வெங்காயத் தோட்டத்து நீரிறைக்கும் மெஷினோடு மாரடித்து வளர்ந்தவர் நாம். இதுவுமா ஒரு வித்தை என்று, மெதுவோட்டத்தைக் கூட்டும் திருகாணியை இரண்டு சுற்று இறுக்கிவிட்டோம். வண்டி அணையவில்லை. மருமகன் எம்மை வியப்போடு பார்த்தான். அந்தப் பார்வைக்கு நாம் அடைந்த பூரிப்பை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

மெஷின் நின்ற இடத்திலே நிற்பது. இவ்வண்டியோ அப்படியன்று. எஞ்சின் நீரை உறிஞ்சிப் பின்புறத்துக் குழாய்வாயால் பீறிடச் செய்ய, அந்த உந்தலினால் ஓடுகிறது. இப்பழைய வகைக்கு நியூட்ரலும் கிடையாது, சுக்கானும் கிடையாது. கைபிடியைத் திருப்பினால் குழாய்வாய் திரும்பும், அவ்வளவே.

அன்று மாலை அவன் கரைக்குத் திரும்பியபோது விசையை விட்டும் வண்டி நிற்கவில்லை. துறையிலே பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய் மணிக்கட்டில் மாட்டியிருந்த கயிற்றை இழுத்து எஞ்சினை அணைத்தான். அணைந்ததும் பீறிடும் நீரும் நின்றது. கைபிடியைத் திருப்பியும் பயனில்லை. வண்டி நேரே வழுக்கிச் சென்று, ஒரு சிறுவனுக்கு முழத் தூரத்திலே ஓய்ந்தது. தாய் ஒருத்தி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருக்கும்.

இரவு திருகாணியைப் பழைய நிலைக்குத் தளர்த்தினோம். "நாளைக்கு ரண்டு பேர் வருகினம் மாமா. ஒண்டரை வருஷத்துக்குப் பிறகு வாற முதற் காசு," என்றான் அவன். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னோம். அனுப்பினான், ஆனால் மத்தியானச் சாப்பாடு முடியும்வரை எம்மோடு பேசவில்லை.

பிளக்குகளை மாற்றியும் குணமில்லை. பின்பு, எஞ்சின் இருமத் தொடங்கும் தருணத்தில் சோக்கைச் சற்றே இழுத்துப் பார்த்தோம். உடனே சீராக ஓடிற்று! காற்றுக் குறைந்ததும் தெளிவதாயின், மெதுவோட்டத்தில் பெற்றோல் போதவில்லை என்பதே பொருள். தாங்கியிலிருந்த பெற்றோலைப் போத்தலில் ஊற்றிவைத்தோம். அடியிலே தண்ணீர் தனியாகப் படிந்தது. காபரேற்றரைக் கழற்றினோம். வேகமாய் ஓடும்போது பெற்றோல் செல்லும் பெரிய துவாரம் சுத்தமாயிருந்தது. மெதுவோட்டத்துக்குரியதோ மயிரிழை போன்றது. பழைய பெற்றோல் பிசினாய் இறுகி அதனை அடைத்திருந்தது.

மருமகன் ஊசியெடுத்து வந்தான். தடுத்தோம், குத்தினால் துவாரம் பெருத்துவிடும். கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மறுபுறம் கடுகளவு ஒளி தெரிந்தபோதுதான் அவன் முகத்திலும் ஒளி வந்தது.

புதுப் பெற்றோல் வார்த்து, வண்டியை நீரில் இறக்கி, கயிற்றால் கட்டியபடியே திருகாணியைச் சரிசெய்தோம். கரையில் வைத்துச் சரிசெய்தால் கணக்குப் பிழைக்கும். நீரைத் தள்ளும் பாரம் அங்கே இல்லையல்லவா? விசையை விட்டான். எஞ்சின் அணையாமல் முணுமுணுத்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு ஓடித் தங்கையின் நகப்பூச்சை எடுத்துவந்து, திருகாணியின் தலையில் சிவப்புக் கோடொன்று கீறினான்.

"மாமா, இனி இதிலை நீங்களும் கை வைக்கப்படாது," என்றான்.