பத்து விநாடித் தேர்வு

பெங்களூரின் பீன்யாத் தொழிற்பேட்டையில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்களுள் எங்கள் லேத் பட்டறையும் ஒன்று. கோவைப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடி வந்த எங்கள் தந்தையார் தொடங்கியது. பட்டறைக்கும் வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு கணிப்பொறிதான் உண்டு. அதில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கின்றன. உதிரிப்பாகங்களின் வரைபடங்களுக்கு விண்டோஸ். பிள்ளைகளின் பயிற்சிக்கு லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அது, விலையின்றிக் கிடைக்கின்றது.

கணிப்பொறியை முடுக்கியதும் 'கிரப்' என்னும் சிறு நிரல் எழுந்து, எந்த வாசல் வழியே செல்ல விருப்பம் என்று ஒரு பட்டியலை நீட்டும். சில விநாடிகள் காத்திருக்கும். விடை வாராவிடில், இயல்பானது என்று குறித்து வைத்ததைத் தானே திறந்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். மறுநாட் காலை, பட்டியலில் விண்டோஸ் என்ற வரியே இல்லை! அன்று மாலைக்குள் அறுபது புஷ்களைக் கடைந்து அனுப்பியாக வேண்டும். அளவுகள் யாவும் விண்டோஸில் இருந்த வரைபடத்தில். தமையனார் ஒன்றும் பேசாமல் லேத்தின் முன் நின்றார். மாற்றிய பெண்ணின் முகம் வெளிறியது. எல்லாம் அழிந்ததென்றே எண்ணினோம்.

அழியவில்லை. 2021இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், வட்டிலுள்ள பிற இயங்குதளங்களைத் தேடிச் சேர்க்கும் பணி, பாதுகாப்புக் கருதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி அத்தடையை நீக்கினாள் பெண். பட்டியலைப் புதிதாக ஆக்கும் கட்டளையையும் கொடுத்தாள். விண்டோஸ் வந்து நின்றது, வரைபடமும் இருந்தது. பட்டியலில் பெயர்தான் விடுபட்டதேயன்றி, குடியிருந்தவர் வெளியேறவில்லை.

அத்துடன் காத்திருக்கும் நேரத்தைப் பத்து விநாடியாக்கினோம். எதனை இயல்பாக வைப்பது என்று சிறு வாதம் எழுந்தது. "சோறு போடுவது முதலில் இருக்கட்டும்" என்றார் தமையனார். அவ்வாறே செய்தோம்.

அன்றிரவு ஊரிலிருந்து அம்மாயி தொலைபேசியில் அழைத்தார். "சாப்பிட்டாயா கண்ணு?" என்ற கேள்விக்கு எங்கள் இளைய மகன் ஆங்கிலத்தில் விடை சொன்னான். அப்பக்கம் சற்று நேரம் ஓசையில்லை. தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். இரண்டும் அவனுக்குச் சோறு போடும் மொழிகள். குறைகூற எங்களுக்கு உரிமையில்லை. ஆனால், எவரும் தேர்ந்தெடுக்காத வேளையில் எது தானே திறந்துகொள்ள வேண்டும் என்று வீட்டில் நாங்கள் என்றேனும் எழுதி வைத்தோமா? வேலைக் களைப்பில் பத்து விநாடியும் கடந்து போக விட்டவர்கள் நாங்களே. கேள்வி அவனுக்குப் புரிந்தது. ஆகையால் தமிழ் அவனை விட்டு நீங்கவில்லை, பட்டியலில்தான் இல்லை.

இரவு உணவின்போது தமிழன்றி வேறு பேசுவதில்லை என்று அன்று முடிவு செய்தோம். இப்போது ஞாயிறுதோறும் அவனே அம்மாயியை அழைக்கிறான். முதற்சொல் வரச் சிறிது நேரமாகிறது. நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறோம்.