குளம் வற்றும் காலம்

குளம் என்றதும் நிறைந்த நீரையே மனம் எண்ணுகின்றது. அது வற்றுதலைக் குறையெனக் கொள்வதே வழக்கு. ஆயின், குளம் வற்றுவதனாலும் உயிர்கள் வாழ்கின்றன என்பதற்கு வடமத்திய மாகாணத்து மின்னேரியாக் குளம் தக்க சான்றாகும்.

மகாசேன மன்னன் அமைத்ததாக மகாவம்சம் கூறும் 16 குளங்களுள் இதுவும் ஒன்று. அம்பன் கங்கையின் நீர் எலஹெரக் கால்வாய் வழியே இதனை வந்தடைந்து, இதனூடாகக் கந்தளாய்வரை செல்கின்றது. சிறுபோகத்துக்கு நீர் திறக்கத் திறக்கக் குளம் சுருங்கும். ஆடி, ஆவணி மாதங்களிலே, வெளிப்பட்ட படுகையிற் பசும்புல் தளிர்க்கும். சுற்றுக் காடுகள் காய்ந்து கிடக்கும் அக்காலத்தில் அப்புல்லை நாடி யானைகள் தம் கன்றுகளுடன் வந்து கூடும். ஏறத்தாழ 300 யானைகளை அங்கு ஒருங்கே கண்டதுண்டு. நெல்லுக்கென அமைத்த குளம், அமைத்தோர் எண்ணாமலே யானைக்கும் மேய்ச்சல்நிலம் ஆயிற்று.

1997ஆம் ஆண்டில் மின்னேரியா தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. யானையைக் காக்கும் பொறுப்பு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியது. நீரை ஆளும் பொறுப்போ வேறு நிறுவனங்களுக்கு உரியது. நிருவாகம் இவ்வாறு பிரித்துவைத்ததை இயற்கை பிரித்து வைக்கவில்லை.

2018ஆம் ஆண்டில் அம்பன் கங்கையை மறித்த மொறகஹகந்த நீர்த்தேக்கம் திறந்துவைக்கப்பட்டது. மழை பொய்த்துப் பயிர் கருகக் கண்ட கமக்காரனுக்கு அது பேருதவி என்பதை எவரும் மறுத்தற்கில்லை. எனினும், பின்வந்த ஆண்டுகள் சிலவற்றில் வறட்சிக் காலத்தும் மின்னேரியாவின் நீர்மட்டம் உயர்ந்தே நின்றது. புல்வெளி நீருள் மூழ்கியது. மேய்ச்சலிழந்த யானை எங்கே செல்லும்? பயிர் நிற்கும் இடத்தையே நாடும். கமக்காரனை வாழ்விக்க வந்த நீரே அவன் வேலியருகே யானையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. மின்வேலியும் யானைவெடியும் அதனை அப்பால் விரட்டலாம். அதன் பசியைத் தீர்க்கமாட்டா. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,879 யானைகள் வாழ்ந்த இந்நாட்டில், 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்டவை மடிந்தன. அவ்வாண்டில் யானைகளால் உயிரிழந்த மாந்தரின் தொகையும் 100ஐக் கடந்தது. இவ்விழப்புகளுக்கு மின்னேரியா ஒன்றே காரணமன்று. ஆயினும், யானையின் மேய்ச்சலும் மனிதனின் வயலும் எத்துணை நெருங்கிப் பிணைந்தவை என்பதை அது காட்டுகின்றது.

அணையை இடித்தல் இதற்குப் பரிகாரமன்று. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் குளத்துள் வரவேண்டும் என்பதைத் திணைக்களங்கள் கூடி முடிவுசெய்தல் வேண்டும். மேலேயுள்ள பெருநீர்த்தேக்கத்திற் சில வாரங்கள் நீரை நிறுத்திவைத்தால் கீழே படுகை புல்லணியும். கந்தளாய் வயலின் தேவையும் அக்கணக்கிற் சேர்தல் வேண்டும். கமக்காரர் அமைப்புகள் அக்கூட்டத்தில் வெறும் பார்வையாளராய் அன்றி, முடிவுசெய்வோராய் அமர்தல் வேண்டும். ஏனெனில், தவறான முடிவின் விலையை முதலிற் கொடுப்போர் அவர்களே.

குளத்தை நிரப்பக் கற்ற நாடு, அதனை உரிய காலத்தில் வற்றவிடவும் கற்றல் வேண்டும்.