அயாவின் ஊருக்குப் பக்கத்தில்

அக்டோபர் 9

ஜீன் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அக்கா போனில் நோயின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா, டைப் 1. சிறுமூளையின் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். முதலில் நடை, பிறகு கை, பேச்சு, கடைசியில் விழுங்குவது. குணப்படுத்த மருந்து கிடையாது. அக்கா மகள் பாப்பாவுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறாள்.

"அவகிட்ட நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வச்சிருக்கோம். நீயும் எதையாவது உளறிறாத" என்றாள். சரி என்றேன்.

மதுரையில் அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கும்போது இங்கே நகோயாவில் நடுச்சாமம். யாரையும் எழுப்பிப் பேச முடியாத நேரம். இவர் நைட் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். எழுதாமல் இருந்தால் மூச்சு முட்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 10

தூக்கமில்லை.

அக்டோபர் 15

அத்தானுடைய அண்ணன் நினைவாகவே இருக்கிறது. நாற்பது வயதுக்குள் தள்ளாடி நடக்க ஆரம்பித்தார். நாக்குக் குழறியது. ஊரே அவரைக் குடிகாரன் என்றது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை என்று பெரியம்மா சத்தியம் பண்ணிச் சொல்வார். ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது டாக்டர் அத்தான் வீட்டு வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து காட்டியிருக்கிறார். பெற்றோரில் ஒருவருக்கு அந்த ஜீன் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு. தகப்பன் வழியாக இறங்கும்போது பெரும்பாலும் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரமே தொடங்கிவிடுமாம். பாப்பாவின் தம்பிக்கு 13 வயது. ஓடியாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். அறிகுறி இல்லாத சிறுபிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை, வயது வந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

அத்தானைப் பற்றி அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 19

பாப்பாவிடமிருந்து மெசேஜ். "சித்தி, டொயோஹஷி உங்க ஊருக்குப் பக்கமா?"

பக்கம்தான், அதே ஐச்சி மாகாணம், ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று எழுதினேன். எதற்குக் கேட்கிறாய் என்றதற்கு, "ஒரு ஜப்பான் சீரியல் பாக்கிறேன். அதுல வர்ற அக்காவோட நிஜ ஊர் அதுதானாம்" என்றாள். சீரியலின் பெயர் 'ஒரு லிட்டர் கண்ணீர்'.

தேடிப் பார்த்தேன். என் கை நடுங்கிவிட்டது. 2005 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஃபுஜி டிவியில் 11 வாரம் ஓடிய தொடர். 15 வயதுப் பெண்ணுக்குச் சிறுமூளைச் சிதைவு நோய் வருவதுதான் கதை. இதற்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள்? தானாக யூடியூபில் கண்ணில் பட்டதா? தேடிப் போனாளா?

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாப்பா பார்க்கிற வரைக்கும் நானும் பார்த்துவிடுவது என்று முதல் பகுதியைப் போட்டேன்.

அக்டோபர் 23

இரண்டு பகுதி முடிந்தது. அப்பா டோஃபு கடைக்காரர், அம்மா பொதுச் சுகாதாரச் செவிலியர், வீட்டில் நாலு பிள்ளைகள், மூத்தவள் அயா. பள்ளிக்கூட பாஸ்கெட்பால் அணியில் இருக்கிறாள். சவாஜிரி எரிகா நடித்திருக்கிறார். முதல் பகுதியில் அவள் ஓடி வந்து குப்புற விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. விழுகிற எவருக்கும் கை தானாக முன்னால் வந்து தரையில் ஊன்றும். இவளுக்குக் கை வரவில்லை. நேராக மோவாய் தரையில் அடிபடுகிறது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று உறைக்கிறது.

போன தைப்பொங்கலுக்குப் பாப்பா மாடிப்படியில் விழுந்ததும் மோவாயில்தான் தையல். செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள் என்று எல்லோரும் திட்டினோம்.

நிஜ அயாவின் பெயர் கிதோ அயா. 1962இல் பிறந்தவர். 14 வயதில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பைப் பேனா பிடிக்க முடிகிறவரை எழுதியிருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1986இல், அது புத்தகமாக வந்தது. பதிப்பித்தது இந்த நகோயாவில் இருந்த ஒரு சிறிய பதிப்பகம். 1988இல், 25 வயதில் காலமானார். பாப்பாவுக்கு வந்திருக்கிற டைப் 1க்கான ஜீனை அடையாளம் கண்டதே 1993இல்தான். அயாவின் டாக்டர்களுக்கு இப்படி ஒரு ஜீன் பரிசோதனை கிடைத்திருக்க முடியாது.

அக்டோபர் 28

மூன்றாம் பகுதியும் முடிந்தது.

டாக்டர் முதலில் அம்மாவைத் தனியாக அழைத்துத்தான் சொல்கிறார். அம்மா நம்பாமல் வேறொரு நிபுணரிடமும் போய்ப் பார்க்கிறாள். புத்தகம் புத்தகமாகப் படிக்கிறாள். மகள் முன்னால் சிரித்துக்கொண்டு காய் நறுக்குகிறாள். யாகுஷிமாரு ஹிரோகோ அந்த அம்மாவாக நடித்ததைப் பார்க்கும்போது அக்காவே எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது. இதற்குள் அயாவுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கடைசியில் அப்பா, அம்மா இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டர் அவளிடமே சொல்கிறார். சத்தமில்லை, மயக்கம் போட்டு விழுவதில்லை. அவள் கேட்கிறாள், அவர் பதில் சொல்கிறார்.

பார்த்து முடித்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன். "அவ தெரிஞ்சுக்கிட்டா என்னக்கா?" என்றேன். "தெரிஞ்சா அன்னைக்கே படுத்திருவா. இன்னும் நாலு வருஷமாவது சிரிச்ச மொகமா இருக்கட்டும்டி" என்றாள். அழுதாள். அழுகிறவளிடம் என்ன வாதாடுவது? சீரியல் விஷயத்தைச் சொல்லவே இல்லை.

நவம்பர் 2

"ஜப்பான்ல இதுக்கு மாத்திரை இருக்காமே" என்று அக்கா யாரிடமோ கேட்டு வந்திருக்கிறாள். இருக்கிறது. பெயர் டால்டிரெலின். 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த நோய்க்காகவே இங்கே கொடுக்கிறார்கள். தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். தள்ளாட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், சிலருக்கு அதுவும் தெரியாது, நோய் முன்னேறுவதை இது நிறுத்தாது என்றார். தினசரி உடற்பயிற்சிச் சிகிச்சையை விடவே கூடாது, அதில்தான் இன்று நிச்சயமான பலன் தெரிகிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட தீராத நோய்களை 'நன்பியோ' என்று தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கான அரசுக் கொள்கை 1972இல் வந்தது, சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இருக்கிற நோய் முற்றினால் வைத்தியச் செலவில் நோயாளி கொடுக்க வேண்டியது 20 சதவீதம், அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு. சிறுமூளைச் சிதைவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுதினால்தான் எதுவும் நடக்கும்.

மாத்திரையைப் பற்றி அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அப்ப எதுவுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

நவம்பர் 3

எதையும் எழுதப் பிடிக்கவில்லை. மீன் குழம்பு வைத்தேன். இவர் நன்றாக இருக்கிறது என்றார்.

நவம்பர் 12

டொயோஹஷிக்குப் போய் வந்தேன். பாப்பா கேட்டாள் என்பதற்காக.

ஸ்டேஷன் வாசலிலிருந்தே டிராம் புறப்படுகிறது. நடுச்சாலையில் கார்களோடு காராக ஓடுகிறது. சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் போனார்கள். நிஜ அயா படித்தது இந்த ஊரில் உள்ள டொயோஹஷி ஹிகாஷி மேல்நிலைப்பள்ளியில். ஒரு வருடம்தான். நடப்பது சிரமமானதும் ஓகாசாகியில் இருந்த மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிக்கு மாற வேண்டி வந்தது. பள்ளி அவளை வைத்துக்கொள்ள முடியாது என்றது. தொடரில் வருகிற அந்தத் தோழன் அசோ ஹருதோ கற்பனைப் பாத்திரம். பள்ளிக்கூடத்தைவிட்டுப் போக வேண்டி வந்தது கற்பனை இல்லை.

டிராமை வீடியோ எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பினேன். அழகா இருக்கு என்று எழுதுவாள் என நினைத்தேன். உடனே பதில் வந்தது: "வீல்சேர் ஏறுமா?"

ஏறும். தாழ்தள வண்டி என்றால் நிறுத்தத்தின் மேடையும் வண்டியின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். அப்படி முழுவதும் தாழ்தளமாகச் செய்த டிராம் இந்த ஊரில் ஓடத் தொடங்கியது 2008 டிசம்பரில். அயா போய் 20 வருடம் கழித்து. அதை எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

நவம்பர் 13

வீல்சேர் ஏறுமா என்று ஏன் கேட்டாள்?

நவம்பர் 22

ஏழாம், எட்டாம் பகுதிகளைப் பார்த்துவிட்டுப் பாப்பா வீடியோ காலில் வந்தாள். வீட்டில் யாருமில்லை, மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பகுதிகளில்தான் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் போட்டு, அயாவால் மற்றவர்கள் படிப்புக் கெடுகிறது என்கிறார்கள். அவள் தானாகவே பள்ளியைவிட்டுப் போகிறாள். கிளம்புகிற நாளில் பிள்ளைகள் வகுப்பைவிட்டு ஓடி வந்து பாடி வழியனுப்புகிறார்கள். எனக்கு அங்கே அழுகை பொங்கிவிட்டது. பாப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே இல்லை.

"பாட்டெல்லாம் சரி சித்தி. அவ பரீட்சை எப்படி எழுதினா? அதைக் காட்டவே மாட்டேங்கிறாங்களே" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். காலாண்டில் பிசிக்ஸ் தாளை முடிக்க முடியவில்லை. கோட்டைவிட்டு எழுத்து தள்ளிப் போகிறது. ரெக்கார்டு நோட்டில் எழுதியதை அவளாலேயே வாசிக்க முடியவில்லை. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஸ்கிரைப் கொடுப்பார்கள், ஒரு மணி நேரம் கூடுதலும் உண்டு என்று கிளாஸ் டீச்சர் சொல்லியிருக்கிறார். அதற்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டும்.

"அதுல நோயோட பேரை எழுதணும்ல சித்தி. அம்மா அதை வாங்க விட மாட்டாங்க. வாங்கினா நான் படிச்சிருவேன்ல."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "எப்ப இருந்து தெரியும் பாப்பா?" என்றேன்.

"அந்த டாக்டர் மூக்கைத் தொடு, என் விரலைத் தொடுன்னு சொன்னாருல்ல. என் விரல் அவர் விரலுக்குப் பக்கத்துல போய்ப் போய்த் தப்புது. அவர் மொகம் மாறிருச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன்" என்றாள். "அம்மா ராத்திரி அடுப்படியில நின்னு அழுகுறாங்க. நான் தூங்கிற மாதிரி படுத்துக்குவேன். தெரியும்னு சொன்னா இன்னும் அழுவாங்க."

அந்த வீட்டில் யார் யாரிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

வைக்கப்போகும்போது சொன்னாள்: "அயாவோட தங்கச்சி அகோ இருக்கால்ல. அவளும் அந்த ஹிகாஷி ஸ்கூல்லயே சேருவா. அதைத் தம்பி பாக்கணும் சித்தி. எனக்காக இல்ல, அவனுக்கு."

நவம்பர் 23

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 27

மீதிப் பகுதிகளையும் முடித்தேன். தொடரின் முடிவில் நிஜ அயாவின் புகைப்படங்கள் வருகின்றன. நடிகையைவிடச் சிறிய முகம். பேச்சு போன பிறகு அவர் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டித்தான் பேசியிருக்கிறார். அதற்கும் எதிரில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வாசிக்க வேண்டுமே. அவர் அம்மா கிதோ ஷியோகா நிஜத்திலும் சுகாதாரச் செவிலியர்தான். மகளின் எழுத்தைப் புத்தகமாக்க முன்னின்றதும், அவள் போன பிறகு தன் பங்கைத் தனிப் புத்தகமாக எழுதியதும் அவர்தான்.

இது சாவைப் பற்றிய தொடர் என்று நினைத்துத்தான் பயந்துகொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பாப்பா இதில் பார்த்தது பள்ளிக்கூடத்தை, பஸ்ஸை, பரீட்சையை, தங்கச்சியை.

நவம்பர் 30

பாட்டி நினைவுநாள் என்று எல்லோரும் வீடியோவில் வந்தார்கள். அத்தான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காபி குடித்தார். பாப்பா கூப்பிடாமலே வந்து, பாதி நிரம்பிய டம்ளரைக் கையில் எடுத்துக் கொடுத்ததையும் பார்த்தேன்.

டிசம்பர் 5

இன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீரியல், விரல், சர்டிஃபிகேட், அடுப்படி. சொல்வதற்குப் பாப்பாதான் அனுமதி கொடுத்தாள், "ஆனா மெதுவா சொல்லுங்க சித்தி" என்று.

அக்கா கத்தவில்லை. "அவளுக்கு எல்லாம் தெரியுமா? இத்தனை நாளும் தெரியுமா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சீரியலில் வருகிற அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் சொல்லும்போது அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், மகள் கையைப் பிடித்திருந்தாளா, அப்புறம் வீட்டுக்கு வந்து என்ன பேசினார்கள், அன்று ராத்திரி சாப்பிட்டார்களா. எத்தனையாவது பகுதி என்றாள். மூன்று என்றேன்.

தமிழில் எழுத்து ஓடுமா என்று கேட்டாள். ஓடாது, இங்கிலீஷ்தான். "அப்ப நீ போன்ல இருந்து சொல்லு. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு அவ டியூஷன் போயிருவா" என்றாள்.

"அவ இருக்கும்போதே பாக்கலாமேக்கா" என்றேன்.

பதில் இல்லை. ஸ்கிரைப் விண்ணப்பத்தைப் பள்ளியில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. அத்தான் பக்கத்தில் இருப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. ஞாயிறு பத்து மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. இவரிடம் அன்றைக்கு வெளியே போக வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.