தனியில் கேட்ட தொப்பி

ரவை காய்ந்துவிட்டால் தொப்பி பேசாது. மிருதங்கம் கற்றுக்கொள்கிற எவருக்கும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் இது. கச்சேரிக்கு அரை மணி முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் நடுவில் அப்பி, தட்டித் தட்டிக் காதை வைத்துப் பார்த்து, போதும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துவோம். ஈரம் இருக்கும்வரை தொப்பியில் அடிநாதம் இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தினால் கும்கி குழைந்து வரும். ஏ.சி. அரங்கில், மேடை விளக்குக்குக் கீழே, அந்த ரவை இறுகத் தொடங்கும். நடுவில் தண்ணீர் தொட்டு வைக்காவிட்டால் நாதம் மேலே ஏறி வெறும் சத்தமாகிவிடும்.

இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வருஷம் முழுக்க மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு சபாவில் எனக்கு மாலைக் கச்சேரி. பாடியவர் என்னைவிட மூத்தவர், நிதானமாகப் பாடுகிறவர். பிரதான உருப்படியாக முத்துசுவாமி தீட்சிதரின் ‘அக்ஷயலிங்க விபோ’வை எடுத்துக்கொண்டார். கீழ்வேளூர் சுவாமி மேல் சங்கராபரணத்தில் அமைந்த கிருதி. மிஸ்ர சாபு தாளம், சௌக்க காலம். சரணத்தில் நிரவல், பிறகு ஸ்வரம், அதன்பின் எனக்குத் தனி ஆவர்த்தனம். தனி முடிந்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிறைந்த மனசோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடிந்ததும் சிஷ்யன் ஒருவன் கைப்பேசியில் ஒரு விமர்சனத்தை அனுப்பியிருந்தான். இணையத்தில் புனைபெயரில் கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறவர் அவர். சீசன் நாட்களில் அன்றன்று ராத்திரியே எழுதிவிடுவார். பாடகர்களே அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து அவரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பாடகருக்கு நாலு பத்தி, வயலினுக்கு ஒன்று, எனக்கு மூன்று வரி. ஒரே தடவைதான் படித்தேன். “தொப்பியே கேக்கலேன்னு எழுதியிருக்கான்” என்று வீட்டில் சொன்னேன். சிஷ்யர்களிடமும், கடம் வாசிக்கும் நண்பரிடமும் அதையே சொன்னேன். 24 வருஷமாக மேடையில் வாசிக்கிறவனிடம் தொப்பி கேட்கவில்லை என்று சொல்வது, பந்தி போட்டவரிடம் சோறு வேகவில்லை என்று சொல்வதற்குச் சமம். பல நாள் அது நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

காரணங்கள் கைவசம் இருந்தன. ரவை காய்ந்தது ஒன்று, மைக் இன்னொன்று. வலது கைக்காரர்களான நாங்கள் பாடகரின் வலப்பக்கத்தில் அவரைப் பார்த்து உட்காருகிறோம். வலது முகமான வலந்தலை சபையைப் பார்க்கும். தொப்பி மேடையின் பின்சுவரைப் பார்க்கும். தொப்பியின் நாதம் ஜனங்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் அதற்கென்று வைத்த மைக்கும், அதை ஏற்றி இறக்குகிறவரும் மனசு வைக்க வேண்டும். மேடையில் எங்களுக்கு வைத்திருக்கும் மானிட்டரில் எல்லாம் நன்றாகவே கேட்கிறது. கூடத்தில் என்ன கேட்கிறது என்று அங்கிருந்து தெரிய வழியில்லை.

ஆனால் இதை முழுசாக நம்பவும் முடியவில்லை. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு இசையாதவர்கள் இருந்ததால் ஆரம்பத்தில் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்து முன்னுக்குக் கொண்டுவந்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவருடைய தொப்பியும் பின்சுவரைத்தான் பார்த்தது. அவர் 1962-இல் காலமானார். அந்தத் தொப்பியைப் பற்றிய பேச்சு எங்கள் வட்டாரத்தில் இன்னும் நிற்கவில்லை. பாலக்காடு மணி ஐயரோ ஒரு கட்டத்தில் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர். அவர்கள் நாதம் போய்ச் சேர்ந்த தூரத்துக்கு என்னுடையது போகவில்லை என்றால் மைக் எப்படிப் பொறுப்பாகும்? இந்தக் கேள்வி ராத்திரியில் வரும். விடிந்தால் மறுபடியும் ரவை, மைக்.

அடுத்த மார்கழியில் என் சிஷ்யனுக்கு முதல் முறையாக அதே சபாவில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி கிடைத்தது. டிக்கெட் இல்லாத கச்சேரி. அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். முன்வரிசையில் குரு உட்கார்ந்தால் பையனுக்குக் கை நடுங்கும் என்று ஏழாவது வரிசையில் நடுவாகப் போய் உட்கார்ந்தேன். ரசிகனாகக் கூடத்தில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. சீசனில் எங்களுக்கு நாளுக்கு ஒரு கச்சேரி, சில நாள் இரண்டு. இன்னொருவர் கச்சேரியை ஆரம்பம் முதல் கடைசிவரை கேட்பது அபூர்வம்.

வர்ணம் முடிந்து இரண்டாவது கிருதி போய்க்கொண்டிருந்தது. பையனுடைய வலந்தலை கணீரென்று விழுந்தது. மீட்டு, சாப்பு எல்லாம் சுத்தம். தொப்பி இல்லை. இடது கை ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. என்னிடம் இருக்கிற குறை அவனிடமும் போய் ஒட்டிக்கொண்டது, நான்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாற்காலி தள்ளி இருந்தவர் எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆபீஸ் போகிற சட்டை, தோளில் பை, கையில் சின்ன நோட்டு. என் பக்கம் குனிந்து, “சார், இங்க தொப்பி வராது. சுவரோரம் வாங்க” என்றார். பின்னாலேயே போனேன். இடப்பக்கச் சுவரை ஒட்டி, ஸ்பீக்கரைத் தாண்டி, இரண்டாவது வரிசை. உட்கார்ந்ததும் கேட்டது. ஒரு தொம், அதை ஒட்டிச் சின்னதாக ஒரு கும்கி, பாட்டின் வரி முடிகிற இடத்தைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி. பையன் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவர் தொடைமேல் விரலை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த எனக்குக்கூடச் சத்தம் வரவில்லை. நோட்டில் பென்சிலால் எழுதினார். பேனா மூடியின் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் என்று பிற்பாடு சொன்னார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போயிற்று. அவரும் எழுந்தார். நேரே நடுவரிசைக்குப் போய் இரண்டு ஆவர்த்தனம் கேட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ குறித்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். என்னை யாரென்று தெரிந்துதான் கூப்பிட்டாரா என்று கேட்டேன். “தெரியும் சார். உங்களைப் பத்தி எழுதியிருக்கேன்” என்று தன் புனைபெயரைச் சொன்னார்.

வேட்டியும் ஜிப்பாவும் வெற்றிலைச் செல்லமுமாக ஒரு பெரியவரைத்தான் நான் ஒரு வருஷமாக மனசில் உட்கார வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வருஷத்து லீவை எல்லாம் சேர்த்து வைத்து மார்கழிக்கு எடுக்கிறார். சின்ன வயசில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டிருக்கிறார். அப்பா தவறியதோடு அது நின்றுவிட்டது. இவ்வளவும் நான் துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னது.

உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. “தொப்பியே கேக்கலேன்னு எழுதிட்டீங்களே. ரவை காஞ்சுபோச்சு, மைக் சரியில்ல. அதையெல்லாம் யோசிச்சீங்களா?”

“நான் அப்படி எழுதலையே சார்” என்றார். கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் வரி தனி ஆவர்த்தனத்தின் கணக்கைப் பாராட்டியது. இரண்டாவது வரி, தனியில் தொப்பி நிறைவாகக் கேட்டது என்று சொன்னது. மூன்றாவது ஒரு கேள்வி: தனியில் கேட்ட அந்தத் தொப்பி பாட்டில் எங்கே போயிருந்தது?

“மூணு எடம் மாறி உக்காந்து பாத்தேன் சார். நிரவல் முடியற வரைக்கும் காத்திருந்தேன், வரல. தனி ஆரம்பிச்சதும் அதே மைக்ல, அதே எடத்துல நல்லா வந்துச்சு. அதனாலதான் கேட்டேன்.”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நிரவலில் காய்ந்த ரவை தனியில் எப்படி ஈரமாகும்?

அந்த நிரவலின்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். தனிக்காகப் புதிதாக ஒரு கோர்வை கட்டியிருந்தேன். மிஸ்ர சாபுவில் ஏழு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை வைத்தால் ஆவர்த்தனத்துக்கு 28, மூன்று ஆவர்த்தனத்துக்கு 84. முன்பகுதி 13, 11, 9 என்று குறைந்துவரும், கூட்டினால் 33. பின்பகுதியில் 17 மாத்திரைச் சொற்கட்டு மூன்று தரம், அது 51. இரண்டும் சேர்ந்து 84-இல் சமத்துக்கு வந்து விழ வேண்டும். ஒரு மாத்திரை தப்பினாலும் சபை நடுவே மானம் போகும். பாடகர் சரணத்தின் வரியைக் கீழிருந்து மேலே எடுத்துப்போய், விரித்து, நிறுத்தி நிறுத்திப் பாடிக்கொண்டிருந்தபோது என் வலது கை தாளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மனசு 13, 11, 9 என்று ஓடிக்கொண்டிருந்தது.

வலது கை பழக்கத்தில் ஓடிவிடும். தொப்பிக்கு மனசு வேண்டும். பாடுகிறவர் எந்த எழுத்தில் போய் நிற்கப்போகிறார் என்று கூடவே போனால்தான் இடது கை அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்க் காத்திருக்கும். அங்கே ஒரு கும்கி விழுந்தால் வரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. பாடகருக்கு அது தெரிந்திருக்கும், சொல்லவில்லை. வயலின்காரரும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரிடம் ஒருவர் இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடாமல் இருந்துவிடுவோம்.

கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்களைப் பற்றியும், தில்லியில் அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டே சுப்புடு எழுதியவற்றைப் பற்றியும் என் குரு சொல்லிக் கேட்டிருக்கிறேன். யார் யாரை எப்படி அடித்தார்கள் என்பதுதான் எங்களிடம் வந்து சேர்ந்த கதை. ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. எல்லா விமர்சனமும் உழைத்து எழுதப்பட்டது என்று சொல்லமாட்டேன். பாடிய பாட்டுகளின் பட்டியல், புடவையின் நிறம், மிருதங்கக்காரர் பக்கபலமாக இருந்தார் என்று ஒரு வரி, இப்படி எழுதியதை எத்தனையோ படித்திருக்கிறேன். பக்கபலம் என்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மிருதங்கக்காரனுக்கு நேரே முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் உண்டு, வாத்தியம் செய்கிறவர். அந்த வேலையே கேட்கிற வேலைதான். வலந்தலையில் கரணையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி வைத்துத் தேய்க்க வேண்டும். எனக்குச் செய்து தருகிறவர், நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாத்தியத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதை நான் ஒருநாளும் அவமானமாக நினைத்ததில்லை.

ஏன் புனைபெயரில் எழுதுகிறீர்கள் என்று இவரிடம் கேட்டேன். “பேர் தெரிஞ்சா வித்வான்கள் பழக ஆரம்பிச்சிடுவாங்க சார். பழகிட்டா அப்புறம் காது நேரா கேக்காது.”

“இப்ப என்கிட்ட பேசிட்டீங்களே?”

“பையன் வாசிக்கறது கேக்காம நீங்க முகம் வாடி உக்காந்திருந்தீங்க. பாத்துக்கிட்டு இருக்க முடியல.” கொஞ்சம் நிறுத்தி, “இனிமே உங்க கச்சேரியைப் பத்தி எழுத மாட்டேன் சார். வந்து கேப்பேன்” என்றார்.

ஒரு வருஷம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது கையிலிருந்த எதையோ வாசலில் தொலைத்துவிட்டதுபோல் இருந்தது. எழுதுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிச் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. பையனைப் பற்றி என்ன குறித்தீர்கள் என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். பென்சில் எழுத்தில், ‘மிரு. தொப்பி இருக்கிறது. நடுவில் இல்லை, பின்னால் இல்லை, சுவரோரம் உண்டு. மைக்.’

“பையன் மேல தப்பில்ல. மைக் பாக்கறவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சாயங்காலக் கச்சேரிக்காவது உதவும்” என்றார். இரண்டு மணிக்கு வேறு சபாவில் ஒரு கச்சேரி கேட்க வேண்டும் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மைக் பார்ப்பவரிடம் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன். பையன் மிருதங்கத்தை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ரவையைச் சுரண்டி எடுக்கக் கத்தியைக் கையில் எடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான்.

“உக்காருடா. ரவையை எடுக்காதே” என்றேன். பக்கத்தில் இருந்த தண்ணீரில் விரலை நனைத்து ரவையின் மேல் தடவினேன். “அந்த ரெண்டாவது கிருதியில, வரி முடியற எடத்துல ஒரு கும்கி போட்டியே, அதைத் திரும்ப வாசி.”

அவன் மிருதங்கத்தைப் படுக்க வைத்தான். நான் அந்த வரியை மெதுவாகப் பாடித் தாளம் போட்டேன்.