மாடு, வண்டி, தண்ணீர்: சைனாடவுனில் ஒரு சீனப் பாடம்

சைனாடவுன் எம்ஆர்டி நிலையப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் ‘சைனாடவுன்’தான். சீனத்தில் மட்டும் வேறு பெயர்: ‘நியூ சே ஷுவெய்’. மாடு, வண்டி, தண்ணீர். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்கு மாட்டுவண்டியில்தான் தண்ணீர் வந்தது. மலாய்ப் பெயரான ‘கிரேத்தா ஆயர்’ என்பதும் தண்ணீர் வண்டியைத்தான் குறிக்கிறது. பிள்ளைக்குக் கொஞ்சம் சீனம் சொல்லிக்கொடுக்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் அமையாது. மூன்று சொல், ஒரு கதை, செலவு ரயில் கட்டணம் மட்டும்.

அலுவலக மதிய உணவு மேசையில் பேச்சு சீனத்துக்கு மாறும்போது புன்னகைத்தபடி உட்கார்ந்திருப்பது நம்மில் பலருக்குப் பழகிப்போனது. பிள்ளைக்கும் அந்த நிலை வேண்டாமே என்று தோன்றும். கூடவே, ‘வீட்டில் தமிழ் பேச வைப்பதே பெரும்பாடு, இதில் சீனம் வேறா?’ என்ற பயமும் வரும். நியாயமான பயம்தான். ஆங்கிலத்தைப் பாலமாக வைத்துச் சீனம் கற்பித்தால் தமிழ் ஓரத்துக்குப் போய்விடும். தமிழையே பாலமாக வைத்தால் என்ன?

உறவுப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள். சீனத்தில் தாய்மாமா ‘ஜியூஜியூ’, சித்தப்பா ‘ஷுஷு’, பெரியப்பா ‘போபோ’. அக்கா ‘ஜியேஜியே’, தங்கை ‘மேய்மேய்’. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். மனிதனைக் குறிக்கும் ‘ரென்’ என்ற சொல்லின் முதல் ஒலி நம் ‘ழ’வுக்கு மிக அருகில் இருக்கிறது. ‘வாழை’ என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு அது தானாக வரும். ஆக, ழகரத்தைத் திருத்த இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது! சிரமம் வேறு இடத்தில். ஒரே ‘மா’, தொனியைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, திட்டு என நான்காக மாறும். இதில் பிள்ளைகள் நம்மை முந்திவிடுவார்கள்.

ரயில் நிலையத்தை ஒட்டிய சைனாடவுன் பாயிண்ட் கடைத்தொகுதியில், சீனக் கலை, கலாசாரத்துக்கென 2013ல் திறக்கப்பட்ட பொது நூலகம் இருக்கிறது. அங்கே படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் உள்ள புத்தகம் ஒன்றே போதும். மூன்று எழுத்துகளைக் காட்டுங்கள். இரு கால் விரித்து நிற்பது ‘ரென்’, மனிதன். அவன் குறுக்கே ஒரு கோடு, கைகளை விரித்துவிட்டான், ‘தா’, பெரியது. தலைக்கு மேல் இன்னொரு கோடு, ‘தியென்’, வானம்.

இனி வேட்டை தெருவில். பகோடா ஸ்திரீட்டில் நுழைந்தால் மறுமுனையில் நிற்பது நம் ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1827ல் தோன்றியது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ‘பகோடா’ சீனக் கோபுரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாரியம்மன் கோயில் கோபுரம்தான் அது. வழியில் கட்டுமானத் தளம் இருந்தால் நில்லுங்கள். ‘அபாயம்’ என்று தமிழில் எழுதிய அதே பலகையில் சீனத்தில் ‘வெய்ஷியென்’ இருக்கும். நான்கு மொழிப் பலகையைப் போல இலவச அகராதி எந்த ஊரில் கிடைக்கும்?

பசித்தால் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடி. ‘கோப்பி ஓ கோசோங்’ கேட்கும்போது அதில் ‘ஓ’ மட்டும் ஹொக்கியன், மற்ற இரண்டும் மலாய் என்று சொல்லிவையுங்கள். கடைக்காரப் பாட்டி கேண்டனீசில் பதில் சொன்னாலும் திகைக்க வேண்டாம். சீனர் எல்லாருக்கும் மாண்டரின் தாய்மொழி அல்ல என்பதும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய சீனக் கலாசாரம்தான். ‘ஷியே ஷியே’ என்று நன்றி சொன்னால் பெரும்பாலும் ஒரு சிரிப்பு கிடைக்கும்.

அங்கிருந்து சிறிது நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட். கடலை மண்கொட்டி மேடாக்குமுன் இதுதான் கரை. கடல் கடந்து வந்தவர்கள் நன்றி சொல்ல எழுப்பிய இரண்டு இடங்கள் சில அடி தூரத்தில் நிற்கின்றன: நம் தமிழ் முஸ்லிம்களின் நாகூர் தர்கா, கடலன்னை மாசுவுக்கு ஹொக்கியன் மக்கள் எழுப்பி 1842ல் முடித்த தியான் ஹொக் கெங். கோயில் பெயர்ப்பலகையைப் பழைய முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலது ஓரத்து எழுத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கைவிரித்த மனிதன், தலைக்கு மேல் ஒரு கோடு. மாண்டரினில் ‘தியென்’, ஹொக்கியனில் ‘தியான்’.

பின்பக்கம், அமோய் ஸ்திரீட் சுவரில் ஓவியர் இப் இயூ சோங் வரைந்த 44 மீட்டர் நீளச் சித்திரம் இருக்கிறது. கப்பலேறி வந்து கூலிவேலை செய்து காலூன்றிய ஹொக்கியன் மக்களின் கதை. அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். தமிழில்தான். நடுவே ‘ஷுவெய்’யும் ‘ரென்’னும் வந்து விழுந்தால் தடுக்காதீர்கள்.