அப்பாவின் அத்தர்

ஆரணி கொசப்பாளையத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தறிதான். நாலு பேர் வந்தால் உட்கார இடமில்லாத வீடு. ஆனால், தறிக்கும் அதன் குழிக்கும் மட்டும் தாராளமாக இடம் உண்டு. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தறியில் பாவு இல்லை. மேலே ஜக்கார்டு பெட்டியில் தூசி படிந்து கிடக்கிறது. தம்பி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு தினமும் விடியற்காலையில் வேன் ஏறிப் போகிறான். தறியைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அறை எடுக்கலாம் என்பது அவன் யோசனை. பிள்ளைகள் படிக்க இடம் வேண்டாமா?

அக்கா வேலூரில் வாக்கப்பட்டவள். தறி பேச்சு வரும்போதெல்லாம், “கொஞ்ச நாள் போகட்டும்டா” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அப்பாவின் சாமான்களில் அவள் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் கால் பாகம் அத்தர்.

அப்பா அத்தர் போடுவது மாதத்தில் இரண்டு நாள் இருக்கும். சேலையை அறுத்து, மடித்து, முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வரும் நாள் அது. காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார். பஞ்சில் ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டில் ஒரு தொடு, கழுத்தில் ஒரு தொடு. அந்தப் பஞ்சை அப்படியே காது மடலில் செருகிக்கொண்டு கிளம்புவார். மத்தியானம் பக்கோடா பொட்டலத்தோடு திரும்பும்போது, அவருக்கு முன்னால் அந்த வாசனை வாசலுக்கு வந்துவிடும். தார் சுற்றிக்கொண்டிருக்கும் சின்னப் பெண் ராட்டையை விட்டுவிட்டு ஓடுவாள்.

தறியில் உட்காரும் நாளில் மட்டும் குப்பியைத் தொடவே மாட்டார். ஒரு தடவை பட்டுத்தான் அந்தப் புத்தி வந்தது. சரியாகக் கை துடைக்காமல் தறியில் உட்கார்ந்ததில், முந்தி பக்கம் மிளகு அளவுக்கு ஒரு எண்ணெய்த் தடம் விழுந்துவிட்டது. முதலாளி சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி அம்மா யாரோடும் பேசவில்லை. பட்டில் விழுந்த எண்ணெய் சுலபத்தில் போகாது. ஜரிகையையும் சென்ட் வகையறா மங்கச் செய்துவிடும். பட்டுச் சேலை கட்டிக்கொண்ட பிறகு அதன் மேல் ஸ்பிரே அடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். நெய்தவரின் பத்து, பதினைந்து நாள் உழைப்பு அதில் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்குத்தான் அக்கா குப்பியைத் திறந்தாள். குளித்துவிட்டு வந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தாள். முதலில் மருந்துக்கடை மாதிரி ஒரு காரம். பிறகு தித்திப்பாக ரோஜா. அரை மணி நேரத்தில் அதுவும் வெளுத்துப்போய், லேசான ஒரு புளிப்புதான் மிச்சம் இருந்தது. மறுநாளும் வைத்துப் பார்த்தாள். அதே கதை. அப்பா அதில் இல்லவே இல்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். “டேய், அந்தக் குப்பியில வேற ஏதாவது ஊத்தி வெச்சியா?”

“எனக்கு வேற வேலை இல்லையாக்கா?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “தறியைத்தான் விக்கிறேன்னு நிக்கிறே, இதையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா” என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “ஞாயித்துக்கிழமை வந்து தறியைக் கழட்டறாங்க. வர்றதுன்னா வா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அந்த அத்தரை அப்பா வாங்கியது வேலூர் லாங்கு பஜாரில் ஒரு சின்னக் கடையில். அப்போது இருந்த பெரியவர் இல்லை. அவர் மகன் உட்கார்ந்திருந்தார். அவருக்கே தாடி நரைத்துவிட்டது. அக்கா குப்பியை நீட்டி, “இது கெட்டுப்போச்சா பாருங்க பாய்” என்றாள். அவர் ஒரு காகிதத் துண்டில் தொட்டு, ஆட்டி, முகர்ந்தார்.

“கெடலம்மா. சந்தனத்துல இறக்கின ரோஜா. பழைய சரக்கு. இப்ப இந்த மாதிரி வர்றதே கம்மி.”

சந்தனத்தில் இறக்குவது என்றால் என்ன? உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரைப் பக்கம் கன்னோஜ் என்று ஓர் ஊர். அத்தருக்கென்றே பேர் பெற்றது. அங்கே பெரிய செம்புப் பாத்திரத்தில் பூவையும் தண்ணீரையும் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகு வைத்து எரிப்பார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புக் கலத்துக்குப் போகும். அந்தக் கலம் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இருக்கும். அதற்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் மணம் அதில் வந்து இறங்கும். தண்ணீரை வடித்துவிட்டு, மறுநாள் புதுப் பூ, மறுபடி ஆவி. இப்படிப் பல நாள் ஏற்றினால்தான் நல்ல அத்தர். கடைசியில் தோல் குப்பிகளில் அடைத்து வைப்பார்கள். மிச்சம் இருக்கிற ஈரம் தோல் வழியாக மெல்ல வெளியேறிவிடும். ரோஜா, தாழம்பூ, மருதாணிப்பூ என்று எல்லாமே இப்படித்தான். சூட்டு மண்ணைப் போட்டு, முதல் மழை வாசனையைக்கூட இறக்கிவிடுகிறார்கள்.

சந்தன எண்ணெய் விலை ஏறிப்போனதால், இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக வாசனையில்லாத பாரஃபின் எண்ணெயில் இறக்குகிறார்கள். பூ மணம் இருக்கும். அடியில் தாங்க எதுவும் இருக்காது. ஆரணிக்கு மேற்கே இருக்கும் ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர் போனது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருப்பதும் அதனால்தான். மலையை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல சந்தனத்தைக் குப்பியில் தேட வேண்டியிருக்கிறது!

“அப்ப ஏன் பாய் எங்கப்பா மேல வந்த வாசனை வரல?”

பாய் சிரித்தார். கடைப் பையனைக் கூப்பிட்டார். அவன் மணிக்கட்டில் ஒரு தொடு, தன் மணிக்கட்டில் ஒரு தொடு, அக்காவின் மணிக்கட்டில் ஒரு தொடு. “பஜார்ல உங்க வேலை எல்லாம் முடிச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க” என்றார். அக்கா காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது மூன்று கைகளில் மூன்று வாசனை. பையன் கையில் ரோஜா இன்னும் கும்மென்று இருந்தது. பாய் கையில் ரோஜாவே இல்லை. காய்ந்த கட்டையை இழைத்த மாதிரி சந்தனம். அக்கா கையில் மூக்கை ஒட்டி வைத்தால்தான் ஏதோ தெரிந்தது.

ஒரே குப்பிதான். கைதான் வேறு. வாசனைப் பொருள் எல்லாம் ஒரே வேகத்தில் காற்றில் கலப்பதில்லை. எலுமிச்சை மாதிரி லேசானவை சில நிமிஷத்தில் பறந்துவிடும். பூக்களின் மணம் நடுவில் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், அகில் போன்றவை கனமானவை. சந்தனத்துக்கு மணம் தரும் சாண்டலால் கொதிப்பதற்கே 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேண்டும். அது தோலை விட்டுக் கிளம்ப அவசரப்படாது. அதனால், கடையில் முகர்ந்து பார்த்து வாங்குவது ஒரு வாசனை, வீடு போய்ச் சேரும்போது இருப்பது வேறு வாசனை. ஸ்பிரே சென்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அது ஆவியாகும் வேகத்தில் மணத்தையும் தூக்கிக்கொண்டு அறை முழுக்கப் பரப்பிவிடும். அத்தரில் ஆல்கஹால் கிடையாது. தோலை ஒட்டியே கிடந்து, உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்.

அந்தத் தோல் எப்படிப்பட்டது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. எண்ணெய்ப் பசை உள்ள தோல் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். வெயிலில் நிற்பவருக்கு மேல்வாசம் வேகமாகக் கிளம்பும். போதாததற்கு ஒவ்வொருவர் உடம்புக்கும் சொந்தமாக ஒரு வாசனை உண்டு. வியர்வைக்கென்று பெரிய நாற்றம் கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. ஆளுக்கு ஆள் அந்தக் கூட்டம் வேறு. அத்தர் அதோடு கலந்துதான் வெளியே வருகிறது. தோலின் அமிலத்தன்மைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அழகுக் குறிப்புகளில் எழுதுவது கொஞ்சம் அதிகப்படி. மணிக்கட்டை உரசினால் வாசனை ‘உடைந்துவிடும்’ என்பதும் அப்படித்தான். உரசினால் சூடேறி மேல்வாசம் சீக்கிரம் போகும், அவ்வளவே. பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. எலுமிச்சை, பெர்கமாட் வகை எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கறுத்துவிடும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

மூக்கும் லேசுப்பட்டதில்லை. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சிறிது நேரத்தில் அது கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். ‘போயிடுச்சு’ என்று நினைத்து மேலும் மேலும் பூசிக்கொள்கிறவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

“உங்கப்பா எண்ணெய் தேச்சுக் குளிப்பாராம்மா?” என்று பாய் கேட்டார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கையில் வைத்திருக்கிறாள். அதுவும் ஐம்பதைத் தாண்டிய, பாத்திரம் தேய்த்துக் காய்ந்த கை. அப்பா நல்லெண்ணெய் ஊறிய உடம்பில் வைத்தார். “தேங்காய் எண்ணெய் துளி தடவிட்டு அதுமேல வெச்சுப் பாருங்க, கொஞ்சம் நிக்கும்” என்றார் பாய். குப்பிக்குக் காசு எதுவும் வாங்கவில்லை. “இதை ஊத்தி நிரப்பாதீங்க. புதுசு கலந்தா இதுவும் போயிடும்.”

எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி கூந்தலுக்குப் போட்ட வாசனைப் பண்டங்களின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும்: பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை. எல்லாம் ஊறிய நீரில் கழுவி, அப்புறம் புகையில் உலர்த்தினாளாம்.

ராத்திரி அக்கா தேங்காய் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தாள். நின்றது. நன்றாகவும் இருந்தது. ஆனாலும் அது அவளுடைய வாசனையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஆரணி வந்து இறங்கினாள். வாசலில் மினி வேன் நின்றது. தம்பி “வாக்கா” என்றான். வேறு எதுவும் பேசவில்லை. வேனில் வந்த இரண்டு பேரோடு சேர்ந்து ஜக்கார்டு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். அக்கா அவன் மனைவியோடு சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு வந்து, “கையை நீட்டுடா” என்றாள்.

“வேலை நேரத்துல என்னக்கா இது?”

“நான் அப்படிக் கேட்டது தப்புதான். கையை நீட்டு.”

நீட்டினான். மணிக்கட்டில் ஒரு தொடு வைத்தாள். அவன் லுங்கியில் துடைக்காமல் வேலைக்குத் திரும்பினான்.

தறி கழற்றுவது சின்ன வேலை இல்லை. கயிறு ஒவ்வொன்றாக அவிழ வேண்டும். கட்டைகள் பல வருஷம் ஒரே இடத்தில் இருந்து இறுகிப் போயிருக்கும். பதினோரு மணிக்கு எல்லோருக்கும் டீ வந்தது. தம்பி வியர்த்து விறுவிறுத்துப்போய் ஒரு டம்ளரை எடுத்து அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோஜா போய்விட்டிருந்தது. சந்தனமும், வியர்வையும், பழைய மரத்தின் தூசியும், குழியிலிருந்து வந்த ஈரமண் வாடையும் ஒன்றாக இருந்தன. அப்படியே அப்பா என்று சொல்ல முடியாது. நல்லெண்ணெய் இல்லை, பக்கோடா இல்லை. ஆனால் வாசலுக்கு ஓட வைக்கும் அளவுக்கு இருந்தது.

“என்னக்கா?”

“மோந்து பாரு.”

அவன் மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோனான். இன்னொரு முறை முகர்ந்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தறி இருந்த இடத்தில் குழி விளிம்பில் உட்கார்ந்தான். இரண்டு காலும் தானாகக் குழிக்குள் இறங்கின.

வேன்காரர் உள்ளே வந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படமரத்தைக் காட்டி, “தம்பி, இதையும் ஏத்திடலாமா?” என்றார்.

“அது இருக்கட்டும்ணா” என்றான். “அதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, கழிச்சுக்கலாம்.”